கொண்டையை அளக்கும் முன் தலைக்கவசத்தைப் போட்டுப் பாருங்கள்

இராணுவப் பயிற்சிக் கழகங்களின் தலைமை அதிகாரிகளுக்கும், பெண் கேடட்களின் தோற்ற விதிகளை எழுதும் குழுக்களுக்கும்,

வணக்கம்.

பெண் கேடட்களின் கூந்தலுக்கான விதிகளில் வழக்கமாக நான்கு வரிகள் இருக்கும். காலருக்கு மேலே நிற்க வேண்டும். முகத்தில் விழக்கூடாது. ஒரு முடிகூடச் சிலும்பக்கூடாது. தொப்பி சரியாக உட்கார வேண்டும். படித்துப் பார்த்தால் நான்குமே நியாயமானவைதான். ஆனால் விடுதியில் இந்த நான்கும் சேர்ந்து ஒரே ஒரு இடத்தில் போய் முடிகின்றன: விடியற்காலையில், ஈரம் காயாத தலையில், ஜெல்லை அப்பி, இழுத்து இறுக்கிய கொண்டை. அந்தக் கொண்டையோடுதான் கேடட் ஓடுகிறாள், தவழ்கிறாள், தலைக்கவசம் மாட்டுகிறாள், வகுப்பில் உட்காருகிறாள். விளக்கணைக்கும் நேரத்தில்தான் அதை அவிழ்க்கிறாள். அப்போதும் உள்ளே ஈரம் இருக்கிறது.

பயிற்சிக்கு வரும் பெண்களின் கூந்தலையும் தலைத்தோலையும் கவனிக்கும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். விதியே வேண்டாம் என்று கேட்க வரவில்லை. விதி இல்லாவிட்டால் முதலில் அடிபடுவது கேடட்தான். கூந்தல் எந்தெந்தக் கருவியோடு சேர்ந்து இயங்க வேண்டுமோ, அந்தக் கருவியை வைத்து விதியை எழுதுங்கள் என்பதுதான் எங்கள் கோரிக்கை. எழுதிய விதியைக் கடைப்பிடிக்கத் தேவையான நேரத்தையும் பொருளையும் கால அட்டவணையிலேயே கொடுங்கள்.

தலைக்கவசத்திலிருந்து தொடங்குகிறோம். தாழ்வாகக் கொண்டை போட்ட ஒரு கேடட்டுக்குத் தலைக்கவசத்தையும் குண்டு துளைக்காத கவச உடையையும் மாட்டி, தரையில் குப்புறப் படுத்துத் துப்பாக்கியின் குறிநோக்கி வழியே பார்க்கச் சொல்லுங்கள். அவள் முகத்தை நிமிர்த்தியதும் கவச உடையின் பின்கழுத்து விளிம்பு கொண்டையை மேலே தள்ளும். கொண்டை தலைக்கவசத்தின் பின்விளிம்பைத் தூக்கும். முன்விளிம்பு புருவத்தைத் தாண்டிக் கண்மேல் இறங்கும். குறிநோக்கி மறைந்துபோகும். ஒரு கையால் கவசத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அவள் சுடுவாள். அடுத்த குண்டுக்குள் அது மறுபடி இறங்கியிருக்கும். பக்கத்தில் நிற்கும் பயிற்றுநருக்குத் தெரிவதெல்லாம், இந்தக் கேடட் தலையைத் தூக்கி நிறுத்தச் சிரமப்படுகிறாள் என்பதுதான். கழுத்துக்குக் கூடுதல் பயிற்சி கொடுக்கச் சொல்லி எழுதுவார். கொண்டையை அவிழ்த்து, பின்னி, அதே இடத்தில் மறுபடி படுக்கச் சொன்னால் இரண்டு நிமிடத்தில் காரணம் தெரிந்துவிடும்.

சரி, கொண்டையை மேலே ஏற்றிக் கட்டினால்? தலைக்கவசம் முழுதாக இறங்காது. உள்ளே இருக்கும் திண்டுகளுக்கும் மண்டைக்கும் நடுவில் கொண்டை புகுந்துகொள்ள, கவசம் ஒரு பக்கம் தாங்கி மறு பக்கம் ஆடும். தாடைப் பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் அந்த ஆட்டம் போகாது. ஆடுகிற கவசம் அடியைச் சமமாகப் பரப்பிவிடாது. கொண்டையில் இரும்பு ஊசியோ கெட்டி கிளிப்போ இருந்தால், அழுத்தம் முழுக்க அந்த ஒரு புள்ளியில்தான் விழும். நீண்ட நடைக்குப் பிறகு தலையின் பின்புறத்தில் சிறு புண்ணோடு வருகிற கேடட்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அதனால் களப்பயிற்சிக்குக் கொண்டையையே கட்டாயப்படுத்தாதீர்கள். நடு வகிடு எடுத்து, காதுக்குப் பின்னால் தலையை ஒட்டித் தொடங்கும் இரண்டு தட்டைப் பின்னல்கள் தலைக்கவசத்துக்குக் கீழே ஏறக்குறைய இடமே எடுத்துக்கொள்வதில்லை. நுனிகளைச் சட்டைக் காலருக்குள் விட்டுவிடலாம். ஒற்றைச் சடையும் சரிதான், ஆனால் அடர்த்தியான கூந்தலில் ஒற்றைச் சடை தடிமனாகி முதுகெலும்பின் மேலேயே இறங்கும். முதுகுப்பை அதை அழுத்தி, தலையைத் திருப்பும்போதெல்லாம் இழுக்கும். இரண்டாகப் பிரித்தால் தடிமனும் குறையும், இழுப்பும் குறையும். இன்னொன்று: தலைக்கவச அளவு எடுக்கும் நாளில் கேடட் களத்தில் எப்படிப் பின்னிக்கொள்வாளோ அப்படியே வரச் சொல்லுங்கள். விரித்த கூந்தலோடு அளவெடுத்து, பின்னலோடு மாட்டினால் திண்டின் தடிமன் மாறிப்போகும். நடுவில் முடியை வெட்டிக்கொண்டாலோ, பின்னல் முறையை மாற்றினாலோ திண்டுகளை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

நச்சுப்புகை முகமூடியில் பிழைக்கு இன்னும் குறைவான இடமே இருக்கிறது. முகமூடியின் ரப்பர் விளிம்பு தோலோடு நேரடியாக ஒட்டினால்தான் காற்று கசியாது. நெற்றியோரத்திலும் காதோரத்திலும் உள்ள பூனைமுடி ஒரு கொத்து உள்ளே மாட்டினாலே கசிவு தொடங்கிவிடும். கொண்டையால் வருவது வேறு வகைச் சிக்கல். முகமூடியின் பட்டைகள் சந்திக்கும் திண்டு பின்தலையின் நடுவில் உட்கார வேண்டும். அங்கே கொண்டை இருந்தால் திண்டு மேலே சரியும் அல்லது ஒரு பக்கம் நழுவும். தாடைக்குக் கீழே பிடி தளரும். நிற்கும்போது கசிவுச் சோதனையில் தேறிவிட்டு, ஓடத் தொடங்கியதும் கசியும் முகமூடிகளில் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சோதனையைத் தலையை இட வலமாகத் திருப்பி, மேலும் கீழும் அசைத்து, குனிந்தும் செய்யச் சொல்லுங்கள். முகமூடி மாட்டும் பயிற்சிக்குக் கூந்தல் பிடரிக்குக் கீழே தாழ்ந்த பின்னலாக இருக்கட்டும்.

முகமூடியைப் பழகக் கண்ணீர்ப்புகை நிரப்பும் புகைக்கூடத்திலிருந்து வெளியே வந்த பிறகு செய்ய வேண்டியதைப் பற்றி விதிப்புத்தகங்கள் அதிகம் பேசுவதில்லை. கண்ணீர்ப்புகைக்குப் பயன்படும் சி.எஸ். உண்மையில் வாயு அல்ல, நுண்ணிய தூள். அடர்ந்த கூந்தலில் அது தங்கிவிடும். எண்ணெயோ, எண்ணெய்ப் பசையுள்ள கிரீமோ தடவியிருந்தால் இன்னும் உறுதியாக ஒட்டிக்கொள்ளும். ஆகவே அன்று காலை தலையில் எதுவும் தடவக்கூடாது என்று முதல்நாளே சொல்லிவிட வேண்டும். வெளியே வந்ததும் காற்று வரும் திசையைப் பார்த்து நின்று, கண்களைக் கையால் தொடாமல், பின்னலை அவிழ்த்து உதற வேண்டும். பிறகு குளிர்ந்த நீரில், தலையைக் குனிந்து, தண்ணீர் முகத்தின் வழியே வழியாதபடி அலச வேண்டும். அதன்பின் ஷாம்பு, மறுபடி தாராளமாகத் தண்ணீர். ஐந்து நிமிடக் குளியலில் இது நடக்காது. நீண்ட கூந்தல் உள்ளவர்களுக்கு அன்று மட்டுமாவது இருபது நிமிடம் ஒதுக்குங்கள். இல்லாவிட்டால் தூள் தலையணைக்குப் போகும், இரவெல்லாம் கண் எரியும், மறுநாள் பக்கத்துக் கட்டிலில் இருப்பவளுக்கும் எரியும்.

கயிற்றில் இறங்கும் பயிற்சியில் எங்கள் நிலைப்பாடு உங்கள் விதியைவிடக் கடுமையானது. தொங்கும் சடை, குதிரைவால், அவிழ்ந்த ஒரு கற்றை, எதுவும் வெளியே இருக்கக்கூடாது. கயிறு ஓடும் இறக்கக் கருவிக்குள் முடி சிக்கினால் கேடட் நடுவழியில் தொங்கிவிடுவாள்; அவள் எடையே முடியை இன்னும் உள்ளே இழுக்கும். காலருக்குள் விட்ட சடை குனியும்போது வெளியே வந்துவிடும் என்பதால் அங்கே காலர் போதாது. சடையைச் சட்டைக்குள் விட்டு, மேலே பட்டியோ கழுத்துத் துணியோ சுற்றி, கயிற்றைப் பிடிக்கும் முன் பயிற்றுநர் கண்ணால் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். சுழலும் இயந்திரங்களுக்கும் வாகனப் பட்டறைக்கும் இதே விதிதான். கைச்சண்டைப் பயிற்சியில் இரும்பு எதுவும் தலையில் இருக்கக்கூடாது: ஊசி, கிளிப், உலோக இணைப்புள்ள ரப்பர் பேண்ட் எல்லாம் வெளியே. துணி சுற்றிய மெல்லிய பேண்டுகள் போதும். செயற்கை முடி இணைத்திருப்பவர்கள் நெருப்புப் பக்கம் போகும் பயிற்சிகளுக்கு அதை எடுத்துவிட வேண்டும். அது சூட்டில் உருகித் தோலில் ஒட்டும்.

இனித் தலைத்தோல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பயிற்சி முடிந்த பிறகும் உடன் வருகிற சேதம் இதுதான்.

முடி நனையும்போது தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. அந்த நிலையில் அதன் உள்கட்டு தளர்ந்துவிடும். இழுத்தால் காய்ந்த முடியைவிட அதிகமாக நீளும், எளிதாக அறும். ஈரமாக நீட்டி இறுக்கிக் கட்டிய முடி காயும்போது பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும். முடிச்சு விடாது. இழுப்பு வேருக்குப் போகும். காலை ஐந்து மணிக்குச் சரியாக இருந்த கொண்டை பத்து மணிக்கு வலிக்கத் தொடங்குவது இதனால்தான். இப்படி வரும் தலைவலிக்கு மருத்துவ வகைப்பாட்டிலேயே தனி இடம் உண்டு. இழுப்பு இருக்கும்வரை வலிக்கும், இழுக்கும் இடத்தில்தான் மிகுதியாக வலிக்கும், அவிழ்த்தால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும். வகுப்பில் தலைவலி மாத்திரை கேட்டு வரும் பெண் கேடட்டிடம் மருத்துவ அறையில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கொண்டையை அவிழ்த்துப் பார்த்தாயா என்பதுதான்.

வலியோடு நின்றால் பரவாயில்லை. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் இழுபடும் வேர்கள் மெலியும். நெற்றியின் இரு ஓரங்கள், காதுக்கு முன்னால், பிடரி விளிம்பு ஆகியவைதான் முதலில் போகும். கவனிக்க வேண்டிய அறிகுறிகள் எளிமையானவை. கட்டியதும் தோல் கூடாரம்போல் மேலெழும்புவது, வேர்களைச் சுற்றிச் சிவந்த சிறு பருக்கள், முன்விளிம்பில் நீளமாக வளராமல் நிற்கும் குட்டை முடிகள், வகிடு அகலமாவது. இந்தக் கட்டத்தில் இழுப்பை நிறுத்தினால் முடி திரும்ப வரும். தொடர்ந்து இழுத்துக்கொண்டே இருந்தால் வேர் தழும்பாகி அந்த இடம் நிரந்தரமாக வழுக்கையாகிவிடும். எந்த மருந்தும் அதைத் திருப்பித் தராது. பத்தொன்பது வயதுப் பெண்ணின் நெற்றியோரத்தைத் தொப்பி நேராக உட்காருவதற்காக விலையாகக் கேட்க எந்தக் கழகத்துக்கும் உரிமை இல்லை. அப்படிக் கேட்க வேண்டிய தேவையும் இல்லை, ஏனென்றால் இழுக்காமலே சுத்தமான கொண்டை போட முடியும்.

அணிவகுப்புக்கான அந்தக் கொண்டையை எப்படிப் போடுவது என்று எழுதுகிறோம், நுழைவுக் கையேட்டில் அப்படியே சேர்த்துக்கொள்ளலாம். முதுகின் நடு வரை நீளும், நடுத்தர அடர்த்தியுள்ள கூந்தலுக்கு வேண்டியவை: உலோக இணைப்பு இல்லாத துணி பேண்ட் இரண்டு, ஐந்து அல்லது ஆறு சென்டிமீட்டர் நீளக் கொண்டை ஊசி ஆறிலிருந்து எட்டு, தட்டைப் பின் நான்கு, முடியின் நிறத்திலேயே கொண்டை வலை ஒன்று, பெரிய பல் சீப்பு. கூந்தல் காய்ந்திருக்க வேண்டும். சிக்கை நுனியிலிருந்து எடுத்துக்கொண்டே மேலே வர வேண்டும். வேரிலிருந்து இழுத்தால் சிக்கு இறுகி அறும். பிடரிக்கு மேலே, காதுகளின் மேல்நுனிக்குச் சற்றுத் தாழ்ந்த உயரத்தில் கூந்தலைச் சேர்த்து, பேண்டை இரண்டு சுற்று மட்டும் சுற்ற வேண்டும். மூன்றாவது சுற்றில்தான் இழுப்பு தொடங்குகிறது. பிறகு வாலை இரண்டாகப் பிரித்து இரண்டையும் தளர்வாகப் பின்னி, ஒன்றை வலமாகவும் மற்றதை இடமாகவும் தட்டையாகச் சுற்ற வேண்டும். ஒரே கற்றையாக முறுக்கினால் கொண்டை உருண்டையாகி வெளியே துருத்தும். இரண்டாகச் சுற்றினால் அகலமாகப் பரவித் தலையோடு படியும். ஊசியைக் கொண்டையின் விளிம்பில் செங்குத்தாக நுழைத்து, கொஞ்சம் கொண்டை முடியையும் கொஞ்சம் அடிமுடியையும் பிடித்து, நடுவை நோக்கித் திருப்பி உள்ளே தள்ள வேண்டும். நேராகக் குத்திய ஊசி ஓடும்போது வெளியே வந்துவிடும். கடைசியில் வலை, இரண்டு சுற்று.

கட்டி முடித்ததும் இரண்டு சோதனைகள். புருவங்களை உயர்த்தும்போது நெற்றித் தோல் இழுபடக்கூடாது. கொண்டையின் அடியில் ஒரு விரல் நுழைய வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அவிழ்த்துத் தளர்த்த வேண்டும். பழகியவளுக்கு இதெல்லாம் ஆறேழு நிமிட வேலை. முதல் வாரத்தில் இருபது நிமிடம் ஆகும். அந்த வாரத்தில் வெறும் பின்னலை அனுமதித்து, மாலையில் மூத்த கேடட் ஒருவர் கற்றுக்கொடுக்க அரை மணி நேரம் ஒதுக்கினால் காலைப் பதற்றம் பாதி குறையும்.

முன்விளிம்பில் சிலும்பும் குட்டை முடிக்காக யாரையும் தண்டிக்காதீர்கள். தலையில் எப்போதும் வளர்ந்துகொண்டிருக்கும் புது முடி இருக்கும். அது குட்டையாகத்தான் இருக்கும். அதைப் படியவைக்கச் சொன்னால் கேடட் ஜெல்லை எடுப்பாள். பட்டாணி அளவு ஜெல் விளிம்புக்குப் போதும். ஒரு கைப்பிடி ஜெல் காலையில் பளபளப்பாக இருந்து, வியர்வையோடு கரைந்து கண்ணில் இறங்கி, மாலையில் வெள்ளைச் செதிலாக உதிரும். அதைப் பொடுகென்று நினைத்து மறுநாள் தேய்த்துக் கழுவி, ஈரத்தோடு மறுபடி இறுக்கிக் கட்டுவாள். ஆல்கஹால் கலந்த ஸ்பிரே காயும்வரை தீப்பற்றும் என்பதையும் கையேட்டில் ஒரு வரி சேருங்கள்.

நேரம் இல்லாமல் மேலே சொன்ன எதுவும் நடக்காது. அடர்த்தியான நீண்ட கூந்தல் விரித்துப் போட்டாலும் காய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். சுருட்டிக் கட்டினால் நாள் முழுவதும் உள்ளே காயாது. காயாத கூந்தலில் வாடை வரும், தலைத்தோலில் பூஞ்சை பெருகும், அரிக்கும். ஆகவே தலைக்குக் குளிப்பதைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்றுங்கள். வாரத்தில் இரண்டு அல்லது மூன்று மாலைகளில், இரவு உணவுக்கு முன்பே, நீண்ட கூந்தலுக்குப் பதினைந்து நிமிடக் குளியல் நேரம் வேண்டும். மற்ற நாட்களில் உடம்புக்கு மட்டும் குளித்தால் போதும். விடுதியில் பத்துப் பேருக்கு இரண்டு உலர்த்தி கருவிகளாவது இருக்க வேண்டும். சூட்டைக் குறைவாக வைத்து ஒரு சாண் தள்ளிப் பிடித்தால் முடி கருகாது. விளக்கணைத்த பிறகு கூந்தலை விரித்தோ தளர்வாகப் பின்னியோ தூங்க அனுமதி வேண்டும். நள்ளிரவு அவசர அழைப்புக்குத் தயாராக இருக்க வேண்டுமென்று கொண்டையோடே தூங்கும் கேடட்கள் உண்டு. தளர்வான பின்னல் அந்த அழைப்புக்கும் போதுமானது என்று எழுத்தில் சொல்லிவிட்டால் அந்த வழக்கம் நின்றுவிடும்.

நீச்சல் பயிற்சி நாளில் குளத்தில் இறங்கும் முன் கூந்தலை நல்ல தண்ணீரில் நனைக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே தண்ணீர் குடித்த முடி குளோரின் நீரை அதிகம் உறிஞ்சாது. பின்னிக்கொண்டு தொப்பி போட்டால் சிக்கும் விழாது. பயிற்சி முடிந்ததும் அலச நேரம் வேண்டும்.

எல்லாக் கூந்தலும் ஒரே வகையல்ல என்பதை விதி எழுதுபவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். நெருக்கமாகச் சுருண்ட கூந்தலை நேராகச் சீவிப் படியவைக்கச் சொல்வது அதை உடைக்கச் சொல்வதுதான். அந்தக் கூந்தலுக்குத் தலையை ஒட்டிய சிறு பின்னல்களும், முடி கயிறுபோல் திரண்டு நிற்கும் திரிச்சடைகளும்தான் பாதுகாப்பு. ஒருமுறை பின்னினால் சில வாரங்கள் நிற்கும், காலையில் நேரமே வேண்டாம், தலைக்கவசமும் எளிதாக இறங்கும். அமெரிக்கத் தரைப்படை இதைக் கற்றுக்கொள்ளக் காலம் எடுத்தது. 2014 மார்ச்சில் வெளியிட்ட தோற்ற விதியில் திரிச்சடைகளையும், கற்றைகளை ஒன்றோடொன்று முறுக்கிய முறுக்குச் சடைகளையும் தடைசெய்து, அவற்றைக் குறிக்க இழிவான சொற்களையும் பயன்படுத்தியது. கடும் எதிர்ப்பு எழுந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் முறுக்குச் சடைகள் அனுமதிக்கப்பட்டன, அந்தச் சொற்களும் நீக்கப்பட்டன. 2017இல் திரிச்சடைகளும் அனுமதிக்கப்பட்டன.

பெரிய மாற்றம் 2021இல் வந்தது. அமெரிக்க விமானப்படை அந்த ஆண்டு பிப்ரவரி 10 முதல் ஒன்று அல்லது இரண்டு பின்னலையோ ஒற்றைக் குதிரைவாலையோ அனுமதித்தது. இறுக்கிக் கட்டியதால் முடி சேதம், ஒற்றைத் தலைவலி, சிலருக்கு முடி இழப்பு என்று ஆயிரக்கணக்கான பெண்கள் தெரிவித்ததைத்தான் அது காரணமாகச் சொன்னது. தரைப்படை அந்தப் பிப்ரவரியில் பெண்களுக்கான குறைந்தபட்ச முடி நீளத்தை நீக்கியது. மே மாதத்தில் குதிரைவாலையும் சடையையும் எல்லாச் சீருடைகளிலும் அனுமதித்தது. நேராக நிற்கும்போது தோள்பட்டை எலும்பின் கீழ்விளிம்பைத் தாண்டக்கூடாது, அகலம் தலையின் அகலத்தை மீறக்கூடாது, தலைக்கவசம் அணியத் தடையாக இருக்கக்கூடாது என்பவை நிபந்தனைகள். அந்த மூன்று நிபந்தனைகளையும் கவனியுங்கள். எல்லாமே உடம்பையோ கருவியையோ வைத்து அளக்கக்கூடியவை. 'நேர்த்தியாக', 'கட்டுப்பாடாக' போன்ற சொற்கள் ஆய்வு செய்யும் அதிகாரிக்கு அதிகாரி மாறும். காலையில் ஒருவர் சரியென்றதை மாலையில் இன்னொருவர் தவறென்பார். இதில் கேடட் கற்றுக்கொள்வது ஒழுங்கை அல்ல, எந்த அதிகாரிக்கு எது பிடிக்கும் என்பதைத்தான்.

வெட்டுவதைப் பற்றி. குட்டை முடி பல கேடட்களுக்கு உண்மையிலேயே வசதி. ஆனால் அந்த முடிவு அவளுடையதாக இருக்க வேண்டும், வருவதற்கு முன்பே விவரம் தெரிந்து எடுத்ததாக இருக்க வேண்டும். பயிற்சிக்கு மிக மோசமான நீளம் தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இருப்பது. காலரைத் தொடும், கட்டவும் வராது, முன்பக்கக் கற்றைகள் முகத்தில் விழும், அதை அடக்க நாலு பக்கமும் கிளிப் குத்த வேண்டும், அந்த கிளிப்புகள் தலைக்கவசத்துக்குள் அழுத்தும். நுழைவதற்கு முந்தைய வாரம் ஆசையாகத் தோள் வரை வெட்டிக்கொண்டு வருபவர்கள்தான் முதல் மாதத்தில் அதிகம் அவதிப்படுகிறார்கள். ஒன்று, காலருக்கு நன்கு மேலே நிற்கும் குட்டை. அல்லது, ஒரே கட்டாகக் கட்டி அடக்கக்கூடிய நீளம். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வளரும். தாடை வரை வெட்டிய முடி வசதியாகக் கட்டும் நீளத்துக்கு வர ஓராண்டு பிடிக்கலாம். இந்தக் கணக்கை அழைப்புக் கடிதத்திலேயே எழுதுங்கள்.

குட்டை முடிக்கும் பராமரிப்பு உண்டு. நான்கு ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வெட்டாவிட்டால் பிடரி காலரைத் தொட்டுவிடும். பெண்களின் முடியை வெட்டத் தெரிந்த ஒருவரைக் கழகம் ஏற்பாடு செய்ய வேண்டும். கத்திகளையும் கிளிப்பர் பற்களையும் ஒவ்வொரு தலைக்குப் பிறகும் முடியைத் துலக்கி, கிருமிநாசினி போட வேண்டும். படர்தாமரை ஒரு தலையிலிருந்து இன்னொரு தலைக்குப் போக ஒரு கிளிப்பர் போதும். தண்டனையாக முடியை வெட்டுவதை, அல்லது வெட்டிவிடுவேன் என்று மிரட்டுவதை, எழுத்து மூலம் தடைசெய்யுங்கள். அது எந்த ராணுவத் திறனையும் கற்றுக்கொடுப்பதில்லை.

பயிற்சி தொடங்கி இரண்டு மூன்று மாதங்களில் பல கேடட்கள் குளியலறையில் கொத்துக் கொத்தாக முடி உதிர்வதைப் பார்த்துப் பயந்துபோவார்கள். நாளொன்றுக்கு ஐம்பது முதல் நூறு முடி உதிர்வது இயல்பு. திடீர் உடல் உழைப்பு, எடைக்குறைவு, காய்ச்சல், தூக்கமின்மை ஆகியவற்றுக்குப் பிறகு பெரும் எண்ணிக்கையில் வேர்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து உதிரும். காரணம் நீங்கினால் பெரும்பாலும் ஆறு மாதத்தில் சரியாகிவிடும். இது தலை முழுவதும் சமமாக உதிரும். இழுப்பால் வருவது விளிம்பில் மட்டும் உதிரும். இந்த வேறுபாட்டை மருத்துவ அறையில் இருப்பவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதோடு இரும்புச்சத்துப் பரிசோதனையும் செய்ய வேண்டும், ஏனென்றால் மாதவிலக்கோடு கடும் பயிற்சியும் சேரும்போது இரும்புச்சத்து குறைவது சாதாரணம். அது குறைந்தால் முடி மட்டுமல்ல, ஓட்ட நேரமும் கெடும்.

பொடுகுக்கு இரண்டு சதவீத கீட்டோகோனசோல் ஷாம்பு வாரம் இருமுறை, தலைத்தோலில் ஐந்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். போட்டதும் கழுவினால் பயனில்லை. பேன் வந்தால் ஒளிக்காமல் சொல்லும் சூழல் வேண்டும். அவமானப்படுத்தினால் ஒருத்தி மறைப்பாள், விடுதி முழுக்கப் பரவும். மருத்துவர் ஒரு சதவீத பெர்மெத்ரின் கொடுத்தால், கண்டிஷனர் போடாத ஷாம்புவில் கழுவித் துவட்டிய தலையில் தடவி, பத்து நிமிடத்தில் அலச வேண்டும். முதல் தடவலில் சாகாத ஈர்கள் அதற்குப் பின் பொரிக்கும் என்பதால் ஒன்பதாம் நாள் மறுபடி தடவ வேண்டும். நடுவில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பேன் சீப்பால் வாரவும் வேண்டும். பேன் தலையை விட்டு இறங்கினால் இரண்டு நாளுக்கு மேல் உயிரோடு இருக்காது. மெத்தையை எரிக்க வேண்டாம், தலையணை உறையையும் தொப்பியையும் சுடுநீரில் துவைத்தால் போதும். பேனுக்காக யாருடைய முடியையும் வெட்ட வேண்டிய அவசியமே இல்லை.

நகம், ஒப்பனை, காதணி ஆகியவற்றில் பெரும்பாலான விதிகள் ஏற்கெனவே சரியாகத்தான் இருக்கின்றன. நகத்தை விரல் நுனி அளவுக்கு வெட்டினால் கையுறை கிழியாது. கால், கை முடியை மழிப்பது கேடட்டின் சொந்த விஷயம். விதியில் அதற்கு இடம் வேண்டாம். ஆனால் நீண்ட நடைக்கு முந்தைய இரவில் தொடையையும் அக்குளையும் மழிக்காதீர்கள் என்ற ஆலோசனையை மட்டும் சொல்லுங்கள், உப்பு வியர்வையும் பட்டை உரசலும் சேர்ந்து அங்கே புண்ணாகும்.

ஆய்வு நேரத்தில் அதிகாரியின் கை கேடட்டின் தலையில் படவே கூடாது. கொண்டையைப் பிடித்து ஆட்டிப் பார்க்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதற்குப் பதிலாக ஒரு கெட்டி அட்டையில் அனுமதித்த உயரத்தை வெட்டி வைத்துக்கொண்டால் தொடாமலே அளக்கலாம். கொண்டைக்குத் தலைத்தோலிலிருந்து ஒன்பது சென்டிமீட்டர் உயரம் என்பது தாராளமான உச்சவரம்பு; தொப்பி உட்காருவதைப் பொறுத்து நீங்கள் குறைத்துக்கொள்ளலாம். அணிவகுப்புக்கு ஒரு விதி, களத்துக்கு ஒரு விதி, உடற்பயிற்சிக்கு ஒரு விதி என்று மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். ஒரே தலைமுடி மூன்று இடத்திலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்தான் குழப்பமெல்லாம் தொடங்குகிறது.

அடுத்த அணிக்கான அழைப்புக் கடிதம் அச்சுக்குப் போகும் முன் ஒரு வேலை செய்யுங்கள். குட்டை முடி, நீளமான நேர் முடி, அடர்ந்த சுருள் முடி என மூன்று வகைப் பெண் கேடட்களை அழைத்து, உங்கள் இப்போதைய விதிப்படி முடியை அமைக்கச் சொல்லி, தலைக்கவசம், முகமூடி, கவச உடை மூன்றையும் மாட்டி, குப்புறப் படுக்கவும் ஐம்பது மீட்டர் ஓடவும் சொல்லுங்கள். கவசம் கண்ணில் இறங்கினால், முகமூடி கசிந்தால், பட்டை நழுவினால், எந்த வரி அதற்குக் காரணமோ அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுதுங்கள். அந்த மூவரையும் குழுவில் சேர்த்துக்கொண்டு எழுதுங்கள். கடிதத்தோடு கொண்டுவர வேண்டிய பொருள்களின் பட்டியலையும், கட்டும் முறையின் படங்களையும், நீளம் பற்றிய கணக்கையும் இணைத்து, கேடட் கிளம்புவதற்குக் குறைந்தது மூன்று மாதம் முன்பே அவள் கையில் கிடைக்கச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
பெண் கேடட்களின் தோற்றப் பராமரிப்பிலும் தலைத்தோல் நலத்திலும் பணிபுரிபவர்கள்